குமிழி விழாத லமினேஷன்

றொபேட் லமினேற் பண்ணினால் குமிழி விழாது. இதை அவரே சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். கனடாவில், ஸ்கார்பரோவின் வோபர்ன் பகுதியில், மார்க்கம் ரோட்டுப் பிளாசா ஒன்றின் மூலையில் அவருடைய கடை இருக்கிறது. அங்கே பாஸ்போட் படம் எடுக்கலாம், போட்டோக்கொப்பி அடிக்கலாம், கலியாண அழைப்புக் காட்டும் அச்சிடலாம். ஆனாலும் அந்த மனிதரின் உயிர் கடையின் பின்பக்கத்து லமினேஷன் மெஷினில்தான் கிடக்கிறது. பிறப்பத்தாட்சி, பிள்ளைகள் மாதா கோயிலில் எடுக்கும் முதல் நன்மைச் சான்றிதழ், செத்தவர்களின் நினைவுப் படம் என்று ஸ்கார்பரோத் தமிழரின் வாழ்க்கையில் பாதி அதன் உருளைகளுக்கு நடுவால் போய் வந்திருக்கிறது. வெளியே வந்த தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "எங்கை, ஒரு குமிழி காட்டுங்கோ பாப்பம்" என்பார். இதுவரை எவராலும் காட்ட முடிந்ததில்லை.

அவருடைய மனைவி ஜோசப்பினுக்கும் ஒரு பெருமை உண்டு. அவள் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். மற்றப் பெண்கள் சீலை சேர்ப்பார்கள், நகை சேர்ப்பார்கள். இவள் பழைய உதைபந்தாட்டக்காரர்களின் படம் அச்சிட்டு, அவர்களே கையெழுத்துப் போட்ட காட், அதாவது சின்ன அட்டைகள், சேர்த்தாள். சொந்தக்காரர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கண்ட கண்ட ஆட்டக்காரரின் காட்டெல்லாம் அவளுக்கு வேண்டாம். ரொறன்ரோவில் ஒரு காலத்தில் ஹாபர் றோவர்ஸ் என்றொரு தொழில்முறைக் கழகம் இருந்தது. 1980ஆம் ஆண்டு இறுதியாட்டம் வரை போய், பிறகு நொடித்து மூடிப்போன கழகம். அந்த வருடம் ஒரு பேக்கரி நிறுவனத்தார் பாண் பைக்குள் ஆளுக்கொரு காட்டாக அந்தக் கழகத்தின் பதினாறு ஆட்டக்காரர்களின் படத்தையும் போட்டு விற்றார்கள். அந்தப் பதினாறும்தான் ஜோசப்பினுக்கு வேண்டும். பதினாறிலும் அவரவர் கையெழுத்து வேண்டும்.

இது ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் தொடங்கிய பைத்தியம். கனடாவுக்கு வந்த புதிதில் அங்கே ஓர் உயரமான கட்டடத்தில் இருந்தார்கள். ஒருநாள் குசினித் தொட்டி அடைத்துக்கொண்டது. திருத்த வந்த கட்டடப் பராமரிப்பாளர் ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நீட்டியபடி தரையில் இருந்தார். ஜோசப்பின் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி; உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன ஊர். அவளுடைய மூன்று அண்ணன்மாருக்கும் பந்தடித்துப் பந்தடித்து அப்படியொரு முழங்கால் இருந்தது. தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு, அவருடைய முழங்காலைக் காட்டி, காற்றில் ஓர் உதையும் உதைத்து, "ஃபுட்போல்?" என்று கேட்டாள். மனிதர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் இயன். றோவர்ஸ் கழகத்தின் பழைய கப்டன்.

அடுத்த நாள் தன்னுடைய காட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். மேலே நீல மையில், 'என்னைக் கண்டுபிடித்த ஜோசப்பினுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்த நாட்டில் அதுவரை அவள் கண்ட கையெழுத்தெல்லாம் அவளைப் பற்றி ஏதாவது தீர்மானிக்கிறவர்களுடையவை. ஒரு மனிதர் சும்மா, சந்தோஷத்துக்கு, அவளுக்கென்று போட்ட முதல் கையெழுத்து அதுதான். அன்றைக்கு அவள் நடந்த நடையே வேறு.

அதன் பிறகு விடவில்லை. காட்டுகளைப் பழைய சாமான் சந்தைகளில் கிளறி எடுத்தாள். ஆட்களைத் தேடிப் பிடித்தாள். ஒருவரை மில்லிக்கனில் அவருடைய பேரப்பிள்ளையின் பிறந்தநாள் விழாவில் போய்ப் பிடித்தாள். ஒருவருக்கு ஸ்கொட்லாந்துக்குக் காட்டை அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை சோறு இறங்காமல் இருந்தாள். இன்னொருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மகள் கையைத் தாங்கிப் பிடிக்க, கோணல்மாணலாகப் போட்டுத் தந்தார். அந்தக் கையெழுத்தைப் பார்க்கிறபோதெல்லாம் ஜோசப்பின் சிலுவை போட்டுக்கொள்வாள்.

பதினைந்து சேர்ந்துவிட்டது. பதினாறாவது லெனொக்ஸ்.

லெனொக்ஸ் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர். கழகத்தில் பிந்திச் சேர்ந்ததால் அவருடைய காட் கொஞ்சம்தான் அச்சானது. ஜோசப்பினுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. ஆனால் கையெழுத்துத்தான் கிடைக்கவில்லை. 1980 இறுதியாட்டத்தில் அவருடைய காலில் பட்ட பந்து சொந்தக் கோலுக்குள் போனது. அதோடு கிண்ணமும் போனது, கொஞ்சக் காலத்தில் கழகமும் போனது. அதற்குப் பிறகு அவருக்கு வந்த கடிதங்களில் பாதி கேலிக் கடிதங்கள் என்று இயன் சொன்னார். அதனால் அவர் எவருக்கும் பதில் போடுவதில்லை. ஜோசப்பினுக்கும் போடவில்லை.

இந்த வருடம் ஸ்கார்பரோவில் ஒரு மண்டபத்தில் காட் சேகரிப்போரின் கண்காட்சி. அங்கே ஜோசப்பினுக்கு ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். இதுவரை ஒரு பெண்ணுக்கும் கிடைக்காத மேசை. றோவர்ஸ் தொகுதி முழுவதையும் கையெழுத்தோடு சேர்த்தவர் உலகத்தில் எவரும் இல்லை என்று சேகரிப்போர் சங்கத் தலைவரே சொல்லியிருந்தார். இயன், எப்படியாவது லெனொக்ஸைச் சனிக்கிழமை அங்கே இழுத்துக்கொண்டு வருவேன் என்றார். வந்தால், அவர் மனம் இரங்கினால், பதினாறும் நிறைந்துவிடும்.

புதன்கிழமை பின்னேரம் ஜோசப்பின் காட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். தேத்தண்ணிக் கோப்பை சரிந்து, ஒரு துளி இயனின் காட்டுக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ளையே இப்பிடியெண்டால், அங்கை எத்தினை பேரின்ரை கை படப்போகுதோ தெரியேல்லை" என்றாள்.

றொபேட் ஒன்றும் சொல்லவில்லை. றொபேட் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஏதோ யோசிக்கிறார் என்று அர்த்தம். அதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டு வந்தவளை அவர் வாசலிலேயே மறித்தார். கண்ணை மூடச் சொன்னார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். அவள் கண்ணைத் திறந்தாள். பதினாறு காட்டும் வரிசையாக, மினுமினுவென்று, ஓரமெல்லாம் ஒரே அளவாக வெட்டி, கண்ணாடி போலக் கிடந்தன.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"நீர்தானே பயந்தனீர். இனித் தேத்தண்ணியைக் கோப்பையோடை ஊத்தினாலும் ஒண்டும் நடவாது. எங்கை, ஒரு குமிழி காட்டும்..." அவளுடைய முகத்தைக் கண்டு அவர் வசனத்தை முடிக்கவில்லை.

"கழட்டுங்கோ."

"என்ன?"

"இதைக் கழட்டித் தாங்கோ."

"கழட்டேலாது, ஜோசப்பின். சூட்டிலை பசை தாளோடை ஒட்டிப்போம். இழுத்தால் மையும் சேர்ந்து வரும்." தன் தொழிலில் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த நேரத்திலும் உண்மையைத்தான் சொன்னார்.

அவள் அவருக்கு விளங்கப்படுத்தினாள். சேகரிப்பவர்களுக்கு காட் அச்சில் இருந்து வந்தபடி இருக்க வேண்டும். ஓரம் மடிந்தாலே முகம் சுளிப்பார்கள். லமினேற் பண்ணினால் அது செத்த காட். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. லெனொக்ஸின் காட்டைத் தூக்கி அவருடைய மூக்குக்கு முன்னால் பிடித்தாள்.

"இதிலை கையெழுத்தே இல்லை. அந்த மனிசன் சனிக்கிழமை வந்தால் எங்கை போடுறது? ஏன் இதையும் கொண்டுபோய் மூடினனீங்கள்?"

றொபேட் நிலத்தைப் பார்த்தார். "எல்லாத்தையும் செய்துபோட்டு அதை மட்டும் விட மனம் வரேல்லை. பாவமா இருந்தது. ஒரு பிள்ளையை மட்டும் வெளியிலை விட்ட மாதிரி."

"இருபத்தெட்டு வருசமாச் சேர்த்தனான். அரை மணித்தியாலத்திலை முடிச்சுப்போட்டியள். உங்கடை மெஷினைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடுங்கோ."

அவர் பேஸ்மென்றுக்கு இறங்கிப் போனார். ஜோசப்பின் மேசையில் இருந்து அழுதாள். நன்றாகவே அழுதாள்.

அழுது முடிந்தபோது கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கூடவே வேறொன்றும் நினைவுக்கு வந்தது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் மழைக்குள் நடந்தபோது, றொபேட்டின் பிறப்பத்தாட்சி சேட்டுப் பைக்குள் இருந்தது. நனைந்து, மை கரைந்து, பெயரும் இல்லாமல் ஊரும் இல்லாமல் போனது. அதன் பிறகு கொழும்பில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், நீ யார் என்று கேட்டார்கள். கனடாவில் உழைத்த முதல் காசில் அவர் வாங்கியது அந்த மெஷின்தான். கடைக்கு வருகிறவர்களுக்கு எதையும் செய்து கொடுப்பார். ஆனால் சொந்த வீட்டில் அவர் லமினேற் பண்ணி வைத்திருப்பது கொஞ்சம்தான்: புதிதாக எடுத்த பிறப்பத்தாட்சி, கலியாணப் பதிவு, மகள் ஸ்டெபனியின் ஞானஸ்நானச் சான்றிதழ், தாயாரின் ஒரே படம். இப்போது அந்தக் கூட்டத்தில் அவளுடைய பதினாறு பந்தடிக்காரரையும் சேர்த்திருக்கிறார். சொந்தக்காரரெல்லாம் சிரித்த அந்தப் பைத்தியத்தை, தாயாரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையிலிருந்த லெனொக்ஸின் காட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பாழாய்ப்போன மனிதர், ஒரு குமிழிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டெபனி போன் எடுத்தாள். தகப்பன் மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்திருந்தார். "அம்மா, போகாதேங்கோ. தே வில் லாஃப் அற் யூ, எல்லாரும் சிரிப்பினம். சுகமில்லை எண்டு சொல்லுங்கோ, ப்ளீஸ்."

"சுகமாத்தானே இருக்கிறன்" என்றாள் ஜோசப்பின். "வாறன் எண்டு சொன்ன இடத்துக்குப் போகவேணும்."

போனை வைத்துவிட்டு, முதல்நாளிலிருந்து தான் முகம்கொடுத்துப் பேசாத புருஷனிடம் போனாள். "இஞ்சேருங்கோ. லெனொக்ஸ் பிளாஸ்ரிக்குக்கு மேலை கையெழுத்துப் போட்டால், அதுக்கு மேலை இன்னொருக்கா லமினேற் பண்ணலாமோ?"

றொபேட் முதலில் அவள் பேசியதை நம்பவில்லை. பிறகு தொழில்காரனாக யோசித்தார். "பண்ணலாம். மை நல்லாக் காயவேணும். உறையும் கொஞ்சம் பெரிசா வேணும். பண்ணலாம்."

"அப்ப மெஷினைக் காரிலை ஏத்துங்கோ. அந்த மனிசன் போடுவாரோ தெரியாது. போட்டால் அழியவிடக்கூடாது."

சனிக்கிழமை மண்டபத்தில் ஜோசப்பின் நல்ல சீலை உடுத்திக்கொண்டு தன் மேசைக்குப் பின்னால் நின்றாள். றொபேட் கோயில் பெருநாளுக்குப் போடும் சேட்டோடு பக்கத்தில் நின்றார். வந்தவர்கள் ஆசையோடு குனிந்தார்கள். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார்கள். சிலர் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் செத்தவீட்டுக்கு வந்தவர்போல அவளுடைய கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

கடைசியில் சேகரிப்போர் சங்கத் தலைவர் வந்தார். நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு காட்டாகப் பார்த்துக்கொண்டு போனார். பாதியில் நிறுத்தி, உண்மையான துக்கத்தோடு கேட்டார்:

"உங்களுக்கு இதை யார் செய்தது?"

சுற்றி நின்றவர்கள் காது கொடுத்தார்கள். றொபேட் வாயைத் திறக்கப் போனார். ஜோசப்பின் முந்திக்கொண்டாள்.

"என் கணவர்" என்றாள் ஆங்கிலத்தில். "இவர்தான். பெயர் றொபேட். எங்கள் வீட்டில் தொலையவே கூடாத சாமானைத்தான் இவர் லமினேற் பண்ணுவார். பாருங்கள், ஒரு குமிழி காட்டுங்கள்." ஒரு காட்டை எடுத்து, அவர் பிடிக்கிற மாதிரியே வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அவளுடைய ஆங்கிலத்தில் பிழை இருந்தது. ஆனால் தலை கூச்சமில்லாமல் நிமிர்ந்து நின்றது.

தலைவர் பார்த்தார். குமிழி இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

"நான் ஒன்றைப் பார்க்கலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நெடிய, கறுத்த மனிதர். கையில் ஊன்றுகோல். அவருக்குப் பின்னால் இயன் நின்றார். அந்த முகத்தை ஜோசப்பின் காட்டில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள், தாடிதான் வெளுத்திருந்தது.

லெனொக்ஸ் தன்னுடைய காட்டை எடுத்துப் புரட்டினார். "இதில் என் கையெழுத்து இல்லையே. பிறகு ஏன் மூடினீர்கள்?"

றொபேட்தான் பதில் சொன்னார். "மற்றப் பதினைந்து பேரையும் உள்ளே விட்டுவிட்டு, உங்களை மட்டும் வெளியே விட எனக்கு மனம் வரவில்லை."

லெனொக்ஸ் ஊன்றுகோலில் சாய்ந்து றொபேட்டை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்பது விளங்க ஜோசப்பினுக்கு நேரம் எடுத்தது. "நண்பரே, நான் அடித்ததைவிட இது திறமான சொந்தக் கோல்" என்றார். குருநகரில் பிறந்த றொபேட்டுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவரும் வெட்கத்தோடு சிரித்தார்.

லெனொக்ஸ் ஜோசப்பின் பக்கம் திரும்பினார். "நீங்கள் இவரைத் திட்டவில்லையா?"

"வீட்டில் திட்டினேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதையும் வீட்டில்தான் திட்டுவேன்."

அவர் அந்தக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நேர்மாறாக நடந்தது" என்றார் மெதுவாக. "உடைமாற்றும் அறைக்குள் எல்லோரும் என் தோளில் கை போட்டார்கள். வெளியே போய், தோற்றதற்கு யார் காரணம் என்று பத்திரிகைக்காரர் கேட்டபோது என் பெயரைச் சொன்னார்கள்."

இயன் தலையைக் குனிந்தார். "நானும் சொன்னேன், லெனொக்ஸ்."

"தெரியும். நான் வாசித்தேன்." அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. லெனொக்ஸ் கையை நீட்டினார். "பேனை இருக்கிறதா?"

றொபேட் கறுப்பு மார்க்கரை எடுத்துக் கொடுத்தார். "மேலேயே போடுங்கள். காய்ந்த பிறகு இன்னொரு உறை போட்டு மூடுவேன். அழியாது."

லெனொக்ஸ் ஊன்றுகோலை இயனிடம் கொடுத்துவிட்டு, மேசையில் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோலப் பெயர் முழுவதையும் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது முன்பைவிட உயரமாகத் தெரிந்தார். மண்டபத்தில் மற்ற மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வந்து சூழ்ந்துவிட்டார்கள். மை காயும்வரை றொபேட் எவரையும் கிட்ட விடவில்லை. காரில் கொண்டுவந்த மெஷின் சூடேறிப் பச்சை லைற் எரிந்தது. காட்டைப் புது உறைக்குள் வைத்து உருளைகளுக்கு நடுவே விட்டார். அந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவர். ஆனால் அன்றைக்கு உறையின் ஓரத்தை மூன்று தரம் சரிபார்த்ததை ஜோசப்பின் கண்டாள்.

காட் மறுபக்கம் வந்தது. றொபேட் வழக்கம்போல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பிடித்தவரின் முகம் செத்துப்போனது.

லெனொக்ஸின் கையெழுத்துக்குப் பக்கத்தில், பயறளவில், ஒரு குமிழி.

"பொறும், பொறும்" என்று தமிழில் பதறினார். "ஊசியாலை குத்தி இன்னொருக்கா விடுறன். ஒரு நிமிசம். ஒரு நாளும் எனக்கு இப்பிடி நடந்ததில்லை, ஜோசப்பின்."

"விடுங்கோ."

"எல்லாரும் பாக்கப்போயினம்."

"பாக்கட்டும்" என்றாள் ஜோசப்பின். காட்டை அவருடைய கையிலிருந்து வாங்கி, வரிசையின் கடைசியில் பதினாறாவதாக வைத்தாள். தலைவர் ஒன்றிலிருந்து பதினாறு வரை விரல் வைத்து எண்ணினார். இதை எந்த விதிக்குள் அடக்குவது என்று தனக்குத் தெரியாது, ஆனால் தொகுதி நிறைந்துவிட்டது என்று உரக்கச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. அவளுக்குக் கண் நிறைந்தது, துடைக்காமலே நின்றாள்.

அன்று பின்னேரம்வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் ஜோசப்பின் அந்தக் கடைசிக் காட்டைத் தூக்கிக் காட்டினாள். தமிழர் எவராவது வந்தால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, விரலை வைத்தே காட்டினாள்.

"இது லெனொக்ஸின்ரை கையெழுத்து. பக்கத்திலை இருக்கே, குமிழி, அது என்ரை மனிசன்ரை."